முதல் பட்டா யாருக்கு? அமெரிக்க அரசின் ஜிஎல்ஓ நில ஆவணத் தளம்: ஒரு மதிப்பீடு

ஜிஎல்ஓ ரெக்கார்ட்ஸ் என்ற இந்தத் தளத்தை நடத்துவது அமெரிக்க உள்துறையின் நில மேலாண்மைப் பணியகம். கட்டணம் கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை. 1788 முதல் கூட்டாட்சி அரசு எழுதிக் கொடுத்த 50 லட்சத்துக்கும் மேற்பட்ட நில உரிமை ஆவணங்களின் படங்கள் இதில் இருக்கின்றன. ஜிஎல்ஓ என்பது 1812இல் தொடங்கிய பொது நில அலுவலகம். மேற்கே இருந்த நிலத்தை அளந்து, விற்று, இலவசமாகவும் கொடுத்து, தாளில் பதிந்து வைத்த அலுவலகம் அதுதான். 1946இல் மேய்ச்சல் துறையோடு சேர்த்து இன்றைய பணியகமாக ஆக்கினார்கள்.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா மேற்கே பரவிய விதத்தை ஏக்கர் கணக்கில் பார்க்க விரும்புகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள இலவசக் கருவி வேறில்லை என்பது எங்கள் கருத்து. ஒரு எச்சரிக்கை: இது பதில் சொல்வது ஒரே கேள்விக்குத்தான். இந்தத் துண்டு நிலத்தை வாஷிங்டன் முதன்முதலில் யாருக்கு, எந்தச் சட்டப்படி, என்றைக்கு எழுதிக் கொடுத்தது? அதற்கு முன்னால் அங்கே வாழ்ந்தவர்கள் யார், பிறகு நிலம் யார் கைக்குப் போனது என்பதெல்லாம் இதில் வராது. நாடுகளும் மாநிலங்களும் அடித்துக்கொண்ட பகுதிகளில் இந்த வரம்பு தெரியாமல் தேடினால் தவறான முடிவோடுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

அந்த ஆவணத்துக்கு அங்கே 'பேடண்ட்' என்று பெயர். கண்டுபிடிப்புக்குக் கொடுக்கும் காப்புரிமையோடு குழம்பாமல் இருக்க, இங்கே பட்டா என்றே எழுதுகிறோம்.

பெயரை விட்டு நிலத்தைத் தேடுங்கள்

புதிதாக வருகிற எல்லோரும் செய்வது ஒன்றுதான்: மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, குடும்பப் பெயரைத் தட்டுவது. சில சமயம் கிடைக்கும். பல சமயம் கிடைக்காது, கிடைத்தாலும் ஒரே பெயரில் நாற்பது பேர் வருவார்கள். அட்டவணையில் உள்ள பெயர்கள் கையெழுத்துப் பதிவேட்டிலிருந்து படித்து ஏற்றியவை. ஜெர்மன், நார்வே, செக் பெயர்களை அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள், அதைப் பிற்காலத்தில் இன்னொருவர் கண்ணில் பட்டபடி தட்டச்சு செய்தார். இதற்கு ஒரு வழி உண்டு. சந்தேகமான எழுத்துகள் வரும் இடத்தில் சதவீதக் குறியை இட்டால், அந்த இடத்தில் எது இருந்தாலும் தளம் எடுத்துக்கொள்ளும். முதற்பெயரை முழுதாகக் கொடுக்காமல் முதல் எழுத்தையும் சதவீதக் குறியையும் கொடுப்பது நல்லது. கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) கட்டத்தை முதல் தடவை காலியாகவே விடுங்கள். 19ஆம் நூற்றாண்டில் கவுண்டி எல்லைகள் அடிக்கடி மாறின. குடும்பக் கடிதத்தில் உள்ள கவுண்டி பெயரும் தளத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகாமல் இருப்பது சாதாரணம்.

உறுதியான வழி நில விவரத்தை வைத்துத் தேடுவது. அதற்கு 1785ஆம் ஆண்டு நிலச் சட்டம் கொண்டுவந்த கட்ட முறை புரிய வேண்டும். ஒரு முதன்மைத் தீர்க்கக்கோடு, அதைக் குறுக்கே வெட்டும் ஓர் அடிக்கோடு. அவை சந்திக்கும் புள்ளியிலிருந்து வடக்கு தெற்காக எண்ணுவது டவுன்ஷிப், கிழக்கு மேற்காக எண்ணுவது ரேஞ்ச். ஒரு டவுன்ஷிப் 6 மைலுக்கு 6 மைல். அதற்குள் 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். எண்கள் வடகிழக்கு மூலையில் 1இல் தொடங்கி மேற்கே 6 வரை போய், கீழே இறங்கி 7இலிருந்து கிழக்கே திரும்பும். ஏர் மாடு சால் முடிவில் திரும்பி வருகிற மாதிரி. 36 தென்கிழக்கு மூலையில் முடியும்.

தீர்க்கக்கோட்டைத் தவறாகத் தேர்ந்தெடுப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. ஒரே மாநிலத்தில் இரண்டு மூன்று கோடுகள் இருக்கலாம். ஓக்லஹாமாவின் பெரும்பகுதி இந்தியன் மெரிடியன் என்ற தீர்க்கக்கோட்டில் வரும். மேற்கே நீளும் கைப்பிடி போன்ற பகுதி மட்டும் சிமரான் மெரிடியனில் வரும். அந்தக் கைப்பிடி அங்கே வந்ததே ஒரு தகராறின் மிச்சம்தான். அடிமை முறையுள்ள மாநிலமாகவே நீடிப்பதற்காக, அந்த முறைக்கு வடக்கு எல்லையாக வைத்த 36 பாகை 30 கலை அட்சக்கோட்டுக்கு மேலே இருந்த நிலத்தை டெக்சாஸ் 1850இல் கைவிட்டது. பிறகு நாற்பது ஆண்டுகள் அது எந்த மாநிலத்திலும் எந்தப் பிரதேசத்திலும் சேராமல் கிடந்தது.

முதல் ஹோம்ஸ்டெட்: ஒரு பட்டாவை அருகில் வைத்துப் படிப்போம்

பழகிக்கொள்ளச் சிறந்த ஆவணம் நெப்ராஸ்காவில் இருக்கிறது: டேனியல் ஃப்ரீமன் என்பவரின் பட்டா. குடியேறிச் சாகுபடி செய்கிறவருக்கு 160 ஏக்கர் வரை இலவசமாகக் கொடுத்த 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டம் நடைமுறைக்கு வந்த 1863 ஜனவரி 1 அன்றே பிரௌன்வில் நில அலுவலகத்தில் விண்ணப்பித்தவர். விண்ணப்ப எண் 1, சான்றிதழ் எண்ணும் 1. ஆறாவது முதன்மைத் தீர்க்கக்கோடு, டவுன்ஷிப் 4 வடக்கு, ரேஞ்ச் 5 கிழக்கு, செக்‌ஷன் 26 என்று கொடுத்துத் தேடலாம்.

நில விவரம் இப்படி இருக்கும்: வடமேற்குக் காலின் தெற்குப் பாதி, வடமேற்குக் காலின் வடகிழக்குக் கால், வடகிழக்குக் காலின் தென்மேற்குக் கால். இதைத் தளம் எழுத்துச் சுருக்கங்களாகக் காட்டும். அங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். சுருக்கத்தை எப்போதும் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படிக்க வேண்டும்: முதலில் செக்‌ஷனின் வடமேற்குக் காலைப் பிடியுங்கள், பிறகு அதற்குள் தெற்குப் பாதிக்கு வாருங்கள். ஒரு தாளில் நாலுக்கு நாலாகப் பதினாறு கட்டம் போட்டால் ஒவ்வொரு கட்டமும் 40 ஏக்கர். மேலிருந்து இரண்டாவது வரிசையில் இடப்பக்க மூன்று கட்டங்களையும், முதல் வரிசையில் இரண்டாவது கட்டத்தையும் நிரப்புங்கள். 80, 40, 40 ஏக்கர் சேர்ந்து 160. கிடைக்கும் வடிவம் சதுரமல்ல, தலைகீழான டி எழுத்து. அந்த நிலத்தின் வழியாகக் கப் கிரீக் ஓடை ஓடுகிறது. மரமில்லாத புல்வெளியில் தண்ணீரும் விறகும் எங்கே கிடைக்குமோ அங்கே நிலத்தை வளைத்துப் பிடித்தார்கள் என்பது இந்த ஒரு வடிவத்திலேயே தெரிந்துவிடும். பட்டா விவரப் பக்கத்தில் 'மேப்' கட்டத்தைத் தொட்டால் செக்‌ஷன் இன்றைய வரைபடத்தின் மேல் விழும். ஆனால் 40 ஏக்கர் கட்டங்களைக் கையால் ஒரு தடவை வரைந்து பார்ப்பதற்கு ஈடில்லை.

அடுத்து, பட்டாவின் தேதி. ஃப்ரீமனின் பட்டா 1869 செப்டம்பர் 1 தேதியிட்டது. விண்ணப்பித்து ஆறு ஆண்டு எட்டு மாதத்துக்குப் பிறகு. சட்டம் ஐந்து ஆண்டு குடியிருப்பும் சாகுபடியும் கேட்டது. அதன் பிறகு சாட்சிகளோடு நிரூபித்து, தாள் வாஷிங்டன் போய்த் திரும்ப வேண்டும். ஆகவே ஹோம்ஸ்டெட் பட்டாவின் தேதியைக் குடியேறிய தேதியாக எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் ஐந்து ஆண்டுக்கு மேல் பிசகும். குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் செய்யும் பிழைகளில் இதுதான் முதலிடம்.

இரண்டாவது பிழை கையெழுத்து. பட்டாவின் அடியில் ஜனாதிபதியின் பெயரைப் பார்த்து, லிங்கனோ கிராண்டோ தன் கையால் போட்டார் என்று நம்பிவிடுகிறார்கள். 1833 மார்ச்சில் வந்த சட்டத்துக்குப் பிறகு ஜனாதிபதி பெயரில் கையெழுத்திட்டவர் அதற்கென்று வைத்த செயலாளர். அதோடு, தளத்தில் தெரிகிற படம் பெரும்பாலும் அலுவலகப் பதிவேட்டு நகல். மூலப் பட்டாவை நிலம் பெற்றவர் கையில் கொடுத்துவிட்டார்கள். பதிவேட்டில் இருக்கும் எழுத்து எழுத்தருடையது.

எந்தச் சட்டம் என்ற வரியை விட்டுவிடாதீர்கள்

ஒவ்வொரு பட்டா பக்கத்திலும் அது எந்தச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டது என்று ஒரு வரி இருக்கும். பலர் தாண்டிப் போய்விடுகிற அந்த ஒரு வரியில்தான் மேற்குப் பரவலின் வரலாறே அடங்கியிருக்கிறது.

1820 ஏப்ரல் 24 என்று இருந்தால் ரொக்க விற்பனை: குறைந்தது 80 ஏக்கர், ஏக்கருக்கு 1.25 டாலர். இதில் ஒரு கண்ணி உண்டு. ஹோம்ஸ்டெட் எடுத்தவர் ஐந்து ஆண்டு காத்திராமல், குறைந்தபட்சக் காலம் குடியிருந்துவிட்டு 1.25 டாலர் கணக்கில் பணத்தைக் கட்டிப் பட்டா வாங்கலாம். அப்படி வாங்கியவர்களும் இந்த 1820 தலைப்பின் கீழேயே வருவார்கள். எனவே பட்டியலை மட்டும் எண்ணி, ஒரு கவுண்டியில் இத்தனை பேர் ஹோம்ஸ்டெட்காரர்கள், இத்தனை பேர் வாங்கியவர்கள் என்று கணக்குப் போடக் கூடாது.

1855 மார்ச் 3 என்று இருந்தால் அது போர்வீரருக்குக் கொடுத்த நிலச் சீட்டு. பட்டாவில் இரண்டு பெயர் இருக்கும்: சீட்டைப் பெற்றவர், நிலத்தைப் பெற்றவர். பெரும்பாலான வீரர்கள் சீட்டைத் தரகர்களிடம் விற்றுவிட்டார்கள். அயோவாவில் நிலம் இருப்பதாகக் காட்டப்படும் வீரர் அந்தப் பக்கம் போனதே இல்லை என்பது நிறைய நடந்த விஷயம். தேடும்போது இரண்டு பெயர்ப் பெட்டிகளையும் பயன்படுத்துங்கள்.

ஓரிகன் நன்கொடை நிலச் சட்டம், 1850: முன்னதாகவே வந்து குடியிருந்த தனி ஆணுக்கு 320 ஏக்கர், தம்பதிக்கு 640. அதில் பாதி மனைவியின் பெயரில், அவருக்கே உரிமையாக. ஆகவே மனைவி பெயரிலும் தேட வேண்டும். இந்த நிலங்கள் அளவைக்கு முன்பே பிடித்தவை என்பதால் கட்டத்துக்குள் அடங்காமல் கோணல்மாணலாகக் கிடக்கும். செக்‌ஷன் எண்களோடு மோதாமல் இருக்க அவற்றுக்கு 37இலிருந்து எண் கொடுத்தார்கள். வில்லமெட் பள்ளத்தாக்கில் 'செக்‌ஷன் 52' என்று யாராவது சொன்னால் அது செக்‌ஷன் அல்ல, நன்கொடை நில எண்.

சர்வே வரைபடங்கள்: தளத்தின் பொக்கிஷம்

எங்களைக் கேட்டால் பட்டாவைவிட மதிப்பு மிக்கது சர்வே பிரிவு. மாநிலம், தீர்க்கக்கோடு, டவுன்ஷிப், ரேஞ்ச் நான்கும் கொடுங்கள். ஒரே டவுன்ஷிப்புக்குப் பல வரைபடங்கள் வரலாம். 19ஆம் நூற்றாண்டைப் பார்க்க வேண்டுமானால் மறு அளவைகளை ஒதுக்கிவிட்டு மூல அளவையைத் திறக்க வேண்டும். வண்டித் தடங்கள், ஓடைகள், காடு முடியும் கோடு, குடிசைகள், உழுத வயல்கள், சில இடங்களில் பூர்வகுடி ஊர்கள் எல்லாம் அதில் குறிக்கப்பட்டிருக்கும். குடியேறியவர்கள் எழுதிய எந்த நினைவுக்குறிப்பும் இந்த அளவு துல்லியம் தராது.

களக்குறிப்புகளில் தூரம் சங்கிலிக் கணக்கில் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, 100 கண்ணி. 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஒரு வரியில் 40.00 என்று வந்தால் அது அரை மைல், கால் செக்‌ஷன் மூலைக் கல் நட்ட இடம். எல்லா மாநிலத்துக் களக்குறிப்புகளும் இணையத்தில் ஏறிவிடவில்லை என்பதை நினைவில் வையுங்கள். டவுன்ஷிப்பின் வடக்கு ஓரத்திலும் மேற்கு ஓரத்திலும் 160க்குப் பதில் 153, 167 போன்ற எண்கள் வந்தால் பிழை என்று எண்ண வேண்டாம். தீர்க்கக்கோடுகள் வடக்கே போகப் போக நெருங்குவதால், மிச்சத்தையும் அளவைப் பிழையையும் அந்த இரண்டு ஓரங்களில் தள்ளிவிடுவது விதி.

அதற்காக எல்லா வரைபடங்களையும் நம்பிவிடவும் கூடாது. அளவையாளர்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் மைல் கணக்கில் கூலி. கலிஃபோர்னியாவில் ஜான் பென்சன் தலைமையில் இயங்கிய கூட்டம் 1880களில் களத்தில் சரியாக அளக்காமலே குறிப்பு எழுதிப் பணம் வாங்கிய ஊழல் பேர்போனது. கரடுமுரடான மலைநாட்டில் ஓடைகள் நேர்கோட்டில் ஓடி, மேடு பள்ளமே இல்லாமல் ஒரு வரைபடம் இருந்தால், அதே டவுன்ஷிப்பின் பிந்தைய மறு அளவையோடு ஒப்பிடாமல் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆற்றெல்லைத் தகராறுகளைப் படிக்க இந்தப் பிரிவு மிக நன்றாக உதவும். 1877இல் மிசூரி ஆறு ஓமஹாவுக்கு அருகே ஒரு வளைவை அறுத்துக்கொண்டு புதுப்பாதையில் ஓடியது. அயோவாவின் ஒரு துண்டு ஆற்றுக்கு மேற்கே, நெப்ராஸ்கா பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. 1892இல் உச்ச நீதிமன்றம், ஆறு திடீரென்று பாதை மாறினால் எல்லை மாறாது என்று சொல்லி அதை அயோவாவுக்கே விட்டது. இன்றும் கார்ட்டர் லேக் என்ற அந்த ஊர் அயோவாவைச் சேர்ந்தது. பழைய ஆற்றுப்போக்கைப் பார்க்க இரண்டு பக்கத்தையும் தனித்தனியே திறக்க வேண்டும். அயோவா ஐந்தாவது தீர்க்கக்கோட்டில் அளந்தது, நெப்ராஸ்கா ஆறாவதில் அளந்தது. ஒரே தேடலில் இரண்டும் வராது.

எங்கே கைவிடும்

முதலாவது, டெக்சாஸ். ஒரு பட்டாகூடக் கிடைக்காது. 1845இல் இணைந்தபோது டெக்சாஸ் தன் பொது நிலத்தைத் தானே வைத்துக்கொண்டது. அதற்கு ஆஸ்டினில் தனி நில அலுவலகம் உண்டு, அதன் பெயரும் பொது நில அலுவலகமே, தேடல் தளமும் தனி. அளவும் வேறு: வாரா என்பது 33⅓ அங்குலம், லேபர் 177.1 ஏக்கர், லீக் 4,428.4 ஏக்கர். டெக்சாஸைப் போலவே ஆரம்ப 13 மாநிலங்களும், கென்டக்கி, டென்னசி, வெர்மான்ட், மெய்ன், மேற்கு வர்ஜீனியா, ஹவாய் ஆகியவையும் இதில் சேராது. மீதி 30 மாநிலங்கள் மட்டுமே.

இன்று ஓக்லஹாமாவில் இருக்கும் கிரீர் கவுண்டி இதில் அழகான சிக்கல். ஸ்பெயினோடு செய்த 1819 ஒப்பந்தம் எல்லையை ரெட் ஆற்றையும் 100ஆவது தீர்க்கரேகையையும் வைத்துச் சொன்னது. ஒப்பந்தம் நம்பிய வரைபடத்தில் அந்த ரேகை தவறான இடத்தில் இருந்தது. ஆற்றின் எந்தக் கிளை எல்லை என்பதிலும் சண்டை. டெக்சாஸ் அதைத் தன் கவுண்டியாகவே நடத்திவந்தது. 1896இல் உச்ச நீதிமன்றம் அமெரிக்க அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1897இல் நாடாளுமன்றம் அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்களுக்கு 160 ஏக்கருக்கு முன்னுரிமை கொடுத்தது. ஆகவே ஜிஎல்ஓவில் ஓக்லஹாமா என்று தேடினால் அந்தத் தீர்ப்புக்குப் பிந்தைய பட்டாக்களே வரும். அவர்கள் அதற்கு முன்பே அங்கே உழுதுகொண்டிருந்ததற்கு ஆஸ்டின் ஆவணங்களைப் பார்க்க வேண்டும்.

இன்றைய வாஷிங்டன் மாநிலத்தின் சான் ஹுவான் தீவிலும் இதே கதை. பிரிட்டனோடு செய்த 1846 ஓரிகன் ஒப்பந்தம் எந்த நீரிணை எல்லை என்று தெளிவாகச் சொல்லவில்லை. 1859இல் ஒரு பன்றியைச் சுட்டதில் இரண்டு நாட்டுப் படைகளும் வந்து இறங்கின. நடுவராக இருந்த ஜெர்மன் பேரரசர் 1872இல் அமெரிக்காவுக்குத் தீவைக் கொடுக்கும்வரை அங்கே யாருக்கும் அமெரிக்கப் பட்டா கொடுக்க வழியில்லை. பட்டா இல்லை என்பதால் குடியேறியவர் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

மெக்சிகோவிடமிருந்து வந்த பகுதிகளில் பிழை எதிர்த்திசையில் நடக்கும். பட்டா கிடைக்கும், ஆனால் தேதி ஏமாற்றும். 1851 மார்ச் 3 சட்டப்படி, கலிஃபோர்னியாவில் ஸ்பானிய, மெக்சிகப் பத்திரம் வைத்திருந்தவர்கள் இரண்டு ஆண்டுக்குள் ஆணையத்தின் முன்வந்து தங்கள் உரிமையைத் தாங்களே நிரூபிக்க வேண்டியிருந்தது. 813 கோரிக்கைகள் வந்தன, 604 உறுதியாயின. பட்டா கைக்கு வரச் சராசரியாக 17 ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் வக்கீல் கூலிக்கும் வட்டிக்கும் நிலம் போய்விட்டது. பட்டாவில் உள்ள பெயரை முதல் உரிமையாளர் என்று எழுதுவது, நிலத்தை இழந்த குடும்பத்துக்கு இரண்டாவது தடவை செய்யும் அநீதி. நியூ மெக்சிகோவின் மேக்ஸ்வெல் கிராண்ட் என்ற நிலக்கொடை 1841இல் மெக்சிகோ கொடுத்தது. அமெரிக்கப் பட்டா 1879இல் வந்தது, 17 லட்சம் ஏக்கருக்கும் மேல். இடைப்பட்ட காலத்தில் அங்கே குடியேறியிருந்தவர்கள் அந்த ஒரு தாளால் அத்துமீறிகளானார்கள்.

ரயில் நிலம் இன்னொரு ஓட்டை. 1862ஆம் ஆண்டு பசிபிக் ரயில் சட்டம் பாதையின் ஒவ்வொரு மைலுக்கும் ஒற்றைப்படை எண்ணுள்ள 10 செக்‌ஷன்களைக் கம்பெனிக்குக் கொடுத்தது, 1864இல் அது 20 ஆனது. ஒரே பட்டாவில் நூற்றுக்கணக்கான செக்‌ஷன்கள் கம்பெனி பெயரில் போயிருக்கும். கம்பெனியிடம் வாங்கிய விவசாயி இந்தத் தளத்தில் வரவே மாட்டார். ஒற்றைப்படைச் செக்‌ஷனில் உங்கள் ஆள் காணாமல் போனால் கவுண்டிப் பதிவாளர் அலுவலகத்தின் கிரயப் பத்திரப் புத்தகத்துக்குப் போங்கள்.

பூர்வகுடிகளின் நிலம் இந்தத் தளத்தில் பெரும்பாலும் இரண்டு வடிவத்தில் தெரியும்: மூல வரைபடத்தில் அவர்களுக்கென்று ஒதுக்கிய பகுதியின் எல்லைக் கோடாக, அல்லது 1887 பிப்ரவரி 8 சட்டப்படி தனித்தனி நபருக்குப் பிரித்துக் கொடுத்த பட்டாவாக. ஃப்ரீமன் நிலம் இருக்கும் அதே கேஜ் கவுண்டியின் தெற்கில் ஓட்டோ-மிசூரியா என்ற பூர்வகுடி மக்களுக்கு ஒதுக்கிய பகுதி இருந்தது. 1854 ஒப்பந்தத்தில் மற்றதையெல்லாம் விட்டுக்கொடுத்து, பிக் புளூ ஆற்றங்கரையில் 10 மைலுக்கு 25 மைல் வைத்துக்கொண்டார்கள். 1881இல் அதையும் விட்டு, 'இந்தியன் டெரிட்டரி' எனப்பட்ட இன்றைய ஓக்லஹாமாவுக்குப் போனார்கள். பட்டாப் பட்டியல் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. சார்லஸ் ராய்ஸ் தொகுத்து, காங்கிரஸ் நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் நில ஒப்படைப்பு வரைபடங்களைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு தேடுவதைக் கட்டாயமாகவே பரிந்துரைக்கிறோம்.

அடுத்த படி

பட்டா கிடைத்ததும் படத்தைப் பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். கூடவே சான்றிதழ் எண், நில அலுவலகத்தின் பெயர், சட்டம், முழு நில விவரம் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். 1908 ஜூலைக்குப் பிறகான பட்டாவானால் தொடர் எண் ஒன்றே போதும். 'தொடர்புடைய ஆவணங்கள்' தாவலைத் தொட்டால் அதே செக்‌ஷனில் வேறு யார் யார் பட்டா வாங்கினார்கள் என்று தெரியும். மைத்துனர்களும் ஊர்க்காரர்களும் அங்கேதான் அகப்படுவார்கள்.

இந்தக் குறிப்புகளை வைத்து வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் நில விண்ணப்பக் கோப்பைக் கேட்கலாம். படிவ எண் 84, நகலுக்குக் கட்டணம் உண்டு. ஹோம்ஸ்டெட் கோப்பென்றால் வீட்டின் நீள அகலம், கிணறு, எத்தனை ஏக்கர் உழுதார், என்ன பயிர், இரண்டு அண்டை வீட்டாரின் சாட்சியம், வெளிநாட்டவரானால் குடியுரிமைத் தாள் எல்லாம் அதில் இருக்கும். நிரூபிக்க முடியாமல் பாதியில் விட்டுப்போனவருக்குப் பட்டாவே கிடையாது, ஆகவே ஜிஎல்ஓவில் அவர் இல்லை. அவரைத் தேட, ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் உள்ள டிராக்ட் புத்தக (நிலத் துண்டு வாரியான பதிவேடு) படங்களை டவுன்ஷிப், ரேஞ்ச் வாரியாகப் புரட்ட வேண்டும். ரத்தான விண்ணப்பமும் அங்கே ஒரு வரியாகப் பதிவாகியிருக்கும். அந்த வரியிலுள்ள எண்ணை வைத்து அவருடைய கோப்பையும் காப்பகத்தில் கேட்கலாம்.